ஓட்டோ டோப்ளிட்ஸ்

ஓட்டோ டோப்ளிட்ஸ் (ஆகஸ்ட் 1, 1881 – பெப்ரவரி 15, 1940) ஒரு ஜெர்மானியக் கணிதவியலர் ஆவார். முடிவிலா எண்ணிக்கையில் மாறிகளைக் கொண்ட சமன்பாடுகளையும் முடிவிலா அணிகளையும் பற்றி இவர் செய்த ஆய்வுகள், சார்புப் பகுப்பாய்வு என்னும் கணிதத் துறைக்கு அடித்தளமிட்டவற்றுள் அடங்கும். ஒவ்வொரு மூலைவிட்டத்திலும் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும் அணி, இவர் பெயரால் டோப்ளிட்ஸ் அணி என வழங்கப்படுகிறது. கணினிக்கு வந்து சேரும் தரவுப் பொதிகளைப் பல செயலிகளுக்குப் பகிர்ந்தளிக்கப் பிணைய அட்டைகள் பயன்படுத்தும் டோப்ளிட்ஸ் ஹாஷ் என்னும் முறை இந்த அணியை அடிப்படையாகக் கொண்டது.

கணித வரலாறு, கணிதக் கல்வி ஆகியவற்றிலும் இவர் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். யூதர் என்ற காரணத்தால் 1935 இல் நாசி அரசால் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட இவர், 1939 இல் நாட்டை விட்டு வெளியேறி, அடுத்த ஆண்டே எருசலேமில் காலமானார்.

இளமையும் கல்வியும்

டோப்ளிட்ஸ் அக்காலத்தில் ஜெர்மனியின் பகுதியாக இருந்த பிரெசுலாவு நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இந்நகரம் இன்று விரோத்சுவாஃப் என்ற பெயரில் போலந்து நாட்டில் உள்ளது. இவருடைய தந்தை எமில் டோப்ளிட்ஸ், பாட்டனார் யூலியுஸ் டோப்ளிட்ஸ் ஆகிய இருவருமே உயர்நிலைப் பள்ளிகளில் கணிதம் கற்பித்தவர்கள். கணிதக் கட்டுரைகளும் எழுதியவர்கள். ஆகவே கணிதமும் கற்பித்தலும் இவருக்குக் குடும்பச் சொத்தாக வந்தவை எனலாம்.

பிரெசுலாவு பல்கலைக்கழகத்தில் பயின்ற இவர், 1905 இல் இயற்கணித வடிவவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கு மாக்ஸ் போர்ன், எர்ன்ஸ்ட் ஹெல்லிங்கர், ரிச்சர்ட் கூரண்ட் ஆகியோர் இவருக்கு நண்பர்கள் ஆயினர். இவர்களுள் போர்ன் பின்னாளில் குவாண்டம் இயற்பியலுக்காக நோபல் பரிசு பெற்றார். கூரண்ட், நியூயார்க்கில் புகழ்பெற்ற கணித ஆய்வு நிறுவனம் ஒன்றை உருவாக்கினார்.

கோட்டிங்கன் காலம்

1906 இல் டோப்ளிட்ஸ் கோட்டிங்கன் சென்றார். அப்போது அந்நகரம் உலகின் தலைசிறந்த கணித மையமாக விளங்கியது. டேவிட் ஹில்பர்ட் தொகையீட்டுச் சமன்பாடுகளைப் பற்றிய தம் கோட்பாட்டை நிறைவு செய்துகொண்டிருந்த காலம் அது. இரண்டு மாறிகள், மூன்று மாறிகள் என்று பள்ளியில் தீர்க்கும் சமன்பாடுகளைப் போல, முடிவிலா எண்ணிக்கையில் மாறிகள் இருந்தால் என்ன ஆகும் என்பதே அக்கோட்பாட்டின் உள்ளே இருந்த கேள்வி. டோப்ளிட்ஸ் இயற்கணித வடிவவியலை விட்டு இந்தத் துறைக்கு மாறினார். 1913 வரை கோட்டிங்கனில் தங்கிய இவர், தம் முக்கிய முடிவுகளில் பலவற்றை இக்காலத்திலேயே கண்டறிந்தார்.

ஹெல்லிங்கருடன் இணைந்து 1910 இல் நிறுவிய ஹெல்லிங்கர்–டோப்ளிட்ஸ் தேற்றம் சார்புப் பகுப்பாய்வின் அடிப்படைத் தேற்றங்களுள் ஒன்று. வெளி முழுவதிலும் வரையறுக்கப்பட்ட சமச்சீர்ச் செயலி கட்டாயம் வரம்புடையதாகவே இருக்கும் என்பது இதன் சாரம். பின்னர் குவாண்டம் இயற்பியலுக்குக் கணித அடிப்படை வகுத்தபோது இத்தேற்றம் முக்கியமானதாயிற்று.

1911 ஆம் ஆண்டு இவருடைய வாழ்வில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் இவர் வெளியிட்ட மூன்று கருத்துக்கள் இன்றும் இவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

முதலாவது, டோப்ளிட்ஸ் அணிகள் பற்றிய ஆய்வு. இது கீழே தனியே விளக்கப்படுகிறது.

இரண்டாவது, தொடர்களின் கூட்டுமை பற்றிய தேற்றம். 1, 0, 1, 0, ... என்ற தொடர்வரிசை எந்த எல்லையையும் நெருங்குவதில்லை. ஆனால் முதல் உறுப்பு, முதல் இரண்டு உறுப்புகளின் சராசரி, முதல் மூன்றின் சராசரி என்று எடுத்துக்கொண்டே போனால், அச்சராசரிகள் 1/2 ஐ நெருங்கும். இவ்வாறு சராசரி காணும் முறைகளில் எவை நம்பத்தக்கவை? அதாவது, ஏற்கெனவே எல்லை உள்ள தொடர்வரிசைக்கு அதே எல்லையைத் தவறாமல் தரும் முறைகள் எவை? இதற்குத் தேவையானதும் போதுமானதுமான கட்டுப்பாடுகளை இத்தேற்றம் தருகிறது. அமெரிக்கரான சில்வர்மேனின் பெயரையும் சேர்த்து இது சில்வர்மேன்–டோப்ளிட்ஸ் தேற்றம் எனப்படுகிறது. இத்துறை தமிழ்நாட்டிலும் வளர்ந்தது. சென்னையில் ராமானுசன் கணித ஆய்வு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த சி. டி. ராஜகோபால் (1903–1978) கூட்டுமைக் கோட்பாட்டில் ஆய்வுகள் செய்தார்.

மூன்றாவது, சதுரச் சிக்கல். தன்னைத் தானே வெட்டிக்கொள்ளாத எந்த மூடிய வளைகோட்டின் மீதும் ஒரு சதுரத்தின் நான்கு முனைகளாக அமையும் நான்கு புள்ளிகள் இருக்குமா என்று டோப்ளிட்ஸ் கேட்டார். பள்ளி மாணவருக்கும் புரியும் இக்கேள்விக்கு, வழுவழுப்பான வளைகோடுகளைப் பொறுத்தவரை விடை கிடைத்துள்ளது. பொதுவான நிலையில் இது இன்னும் தீர்க்கப்படவில்லை.

டோப்ளிட்ஸ் அணி

ஓர் அணியில் இடமேலிருந்து வலக்கீழாகச் செல்லும் ஒவ்வொரு மூலைவிட்டத்திலும் எண் மாறாமல் இருந்தால் அது டோப்ளிட்ஸ் அணி எனப்படும். எடுத்துக்காட்டு:

5 2 7 1
3 5 2 7
8 3 5 2
4 8 3 5

இங்கு ஒவ்வொரு வரிசையும் தனக்கு மேலுள்ள வரிசையை ஓரிடம் வலப்புறம் தள்ளி எழுதியதாகும். இடப்புறம் காலியாகும் இடத்தில் மட்டும் ஒரு புதிய எண் வருகிறது. பொதுவான 4 × 4 அணியை எழுத 16 எண்கள் தேவை. இந்த அணிக்கு 7 எண்களே போதும். பொதுவாகக் கூறினால், n வரிசைகளும் n நிரல்களும் கொண்ட டோப்ளிட்ஸ் அணிக்கு 2n – 1 எண்கள் போதுமானவை.

ஈரோட்டுக்கு எதிரே காவிரியின் மறுகரையில் உள்ள பள்ளிபாளையம் விசைத்தறிகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அத்தகைய ஊர்களில் நெசவு அறிந்தவர்களுக்கு இவ்வமைப்பு புதியதன்று. ட்வில் எனப்படும் நெசவில் துணியின் மீது சாய்வான கோடுகள் தெரியும். பாவு நூல் ஊடைக்கு மேலே வரும் இடத்தை 1 என்றும், கீழே போகும் இடத்தை 0 என்றும் கட்டத்தாளில் குறித்தால், இரண்டு மேல் – இரண்டு கீழ் ட்வில் நெசவு இவ்வாறு அமையும்:

1 1 0 0
0 1 1 0
0 0 1 1
1 0 0 1

இதுவும் ஒரு டோப்ளிட்ஸ் அணியே. துணியில் சாய்கோடாகத் தெரிவது அணியில் மாறாத மூலைவிட்டமாக இருக்கிறது.

டோப்ளிட்ஸ் ஆராய்ந்தவை முடிவின்றி நீளும் அணிகள். எல்லாத் திசைகளிலும் முடிவின்றி நீளும் இவ்வகை அணி ஒவ்வொன்றுக்கும் வட்டத்தின் மீது வரையறுக்கப்பட்ட ஒரு சார்பு உண்டு. அச்சார்பின் ஃபூரியர்க் கெழுக்களே அணியின் மூலைவிட்டங்களில் உள்ள எண்கள். சார்பு தொடர்ச்சியானதாக இருந்தால், அது எடுக்கும் மதிப்புகளே அணியின் நிறமாலையாக அமையும். முடிவிலா அளவுள்ள ஒரு பொருளின் பண்புகளை, கையில் பிடிக்கக்கூடிய ஒரு சார்பைக் கொண்டு அறிந்துகொள்ள இது வழி செய்தது. 1915 இல் காபோர் செகோ இவ்வணிகளின் அணிக்கோவைகளைப் பற்றிய தேற்றத்தை நிறுவினார். 1947 இல் நார்மன் லெவின்சன் டோப்ளிட்ஸ் அணி கொண்ட சமன்பாடுகளை விரைவாகத் தீர்க்கும் முறையைத் தந்தார். இம்முறை பின்னாளில் பேச்சொலியைச் சுருக்கி அனுப்புவதில் பெரிதும் பயன்பட்டது.

கீல், பான் நகரங்களில்

1913 இல் டோப்ளிட்ஸ் கீல் பல்கலைக்கழகத்தில் துணைநிலைப் பேராசிரியராகவும், 1920 இல் முழுநிலைப் பேராசிரியராகவும் ஆனார். 1918 இல் ஓர் அணியின் எண் வீச்சைப் பற்றி இவர் கண்ட முடிவை அடுத்த ஆண்டில் ஃபெலிக்ஸ் ஹவுஸ்டோர்ஃப் முழுமையாக்கினார். இது டோப்ளிட்ஸ்–ஹவுஸ்டோர்ஃப் தேற்றம் எனப்படுகிறது. தொகையீட்டுச் சமன்பாடுகளைப் பற்றி ஹெல்லிங்கருடன் சேர்ந்து எழுதிய விரிவான கலைக்களஞ்சியக் கட்டுரை 1927 இல் வெளியானது.

1928 இல் இவர் பான் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்றார். ஹவுஸ்டோர்ஃபும் அங்கே பேராசிரியராக இருந்தார். இளம் கணிதவியலரான காட்ஃபிரீட் கோதேயுடன் இணைந்து டோப்ளிட்ஸ் 1934 இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடர்வரிசை வெளிகளின் கோட்பாடு வளர்ந்தது.

கணிதக் கல்வியும் வரலாறும்

கணிதத்தை எவ்வாறு கற்பிப்பது என்பதில் டோப்ளிட்ஸ் தனிக் கருத்து கொண்டிருந்தார். நுண்கணிதப் பாடநூல்கள் வரையறையில் தொடங்கித் தேற்றத்தில் முடிகின்றன. அந்த வரையறை ஏன் தேவைப்பட்டது என்பதை மாணவர் அறிவதில்லை. ஒரு கருத்து எந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காக முதலில் பிறந்ததோ, அந்தச் சிக்கலிலிருந்தே பாடத்தைத் தொடங்கவேண்டும் என்று இவர் வாதிட்டார். இது மரபுவழி முறை எனப்பட்டது. வரலாற்றைப் பாடமாகச் சொல்வது இதன் நோக்கமன்று; கருத்தின் தேவையை மாணவர் தாமே உணரவேண்டும் என்பதே நோக்கம்.

1929 இல் ஓட்டோ நொய்கபவர், யூலியுஸ் ஸ்டென்சல் ஆகியோருடன் இணைந்து கணித வரலாற்றுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். 1932 இல் ஹைன்ரிக் பெங்கேயுடன் கணிதம் கற்பித்தலுக்கான ஓர் இதழைத் தொடங்கினார்.

ஹான்ஸ் ராடமாக்கருடன் சேர்ந்து எழுதிய எண்களும் உருவங்களும் பற்றிய நூல் 1930 இல் வெளிவந்தது. உயர்கணிதம் அறியாதவர்களுக்கும் உண்மையான கணிதத்தை விளக்கும் நூல் இது, ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டது. ராடமாக்கர் பின்னாளில் அமெரிக்கா சென்று, எண்களின் பிரிவினைகளுக்கு ஹார்டியும் ராமானுசனும் 1918 இல் தந்த தோராய வாய்பாட்டை மிகச் சரியான வாய்பாடாக ஆக்கியவர். அந்த ராமானுசன் பிறந்த ஊர், மேலே குறிப்பிட்ட பள்ளிபாளையத்துக்கு எதிர்க்கரையில் உள்ள ஈரோடு ஆகும்.

பதவி நீக்கமும் இறுதிக் காலமும்

1933 ஏப்ரலில் நாசி அரசு கொண்டுவந்த சட்டத்தால் யூதர்களான அரசு ஊழியர்கள் பதவி இழந்தனர். மாக்ஸ் போர்ன், ரிச்சர்ட் கூரண்ட் இருவரும் கோட்டிங்கனை விட்டு வெளியேற நேர்ந்தது. போர்ன் 1935–36 இல் சி. வி. ராமனின் அழைப்பின் பேரில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சில மாதங்கள் பணியாற்றிப் பின்னர் எடின்பரோ சென்றார்.

முதல் உலகப் போருக்கு முன்பே அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு அச்சட்டத்தில் விலக்கு இருந்தது. 1913 இலேயே பேராசிரியரான டோப்ளிட்ஸ் இதனால் அப்போது தப்பினார். 1935 இல் அந்த விலக்கும் நீக்கப்பட்டபோது இவர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார்.

பதவி இழந்த பின்னரும் இவர் உடனே நாட்டை விட்டுச் செல்லவில்லை. பொதுப் பள்ளிகளில் யூதக் குழந்தைகளின் நிலை மோசமாகி வந்தது. பான் நகரில் அவர்களுக்கென ஒரு பள்ளியை உருவாக்குவதில் ஈடுபட்டார். யூத அமைப்பின் வழியாக, திறமையுள்ள மாணவர்கள் அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்று படிப்பைத் தொடர உதவினார். முடிவிலா அணிகளைப் பற்றி உயர் ஆய்வு செய்த பேராசிரியர் இவ்வாறு தொடக்கப் பள்ளிப் பணிக்குத் திரும்பினார்.

1938 நவம்பரில் நிகழ்ந்த வன்முறையை அடுத்து ஹெல்லிங்கர் தாக்கௌ வதைமுகாமில் அடைக்கப்பட்டார். விடுதலையான பின் 1939 இல் அமெரிக்கா சென்றார். அதே 1939 இல் டோப்ளிட்ஸ் பாலஸ்தீனத்துக்குக் குடிபெயர்ந்து, எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் நிருவாகத்துக்கு ஆலோசகராகப் பணியாற்றினார். ஓராண்டு கூட முழுமையாகப் பணியாற்ற முடியாமல், பெப்ரவரி 15, 1940 அன்று காசநோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 58. பானில் தங்கிவிட்ட ஹவுஸ்டோர்ஃப், வதைமுகாமுக்கு அனுப்பப்படவிருந்த நிலையில், 1942 சனவரியில் மனைவியுடனும் மனைவியின் சகோதரியுடனும் தற்கொலை செய்துகொண்டார்.

டோப்ளிட்ஸ் ஹாஷ்

டோப்ளிட்ஸ் ஹாஷ் முறையை டோப்ளிட்ஸ் கண்டுபிடிக்கவில்லை. அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே, அவருடைய அணி கணினியியலில் இவ்வகையில் பயன்பட்டது.

ஒரு நீண்ட தரவை எடுத்து, குறிப்பிட்ட நீளமுள்ள சிறிய எண்ணாக மாற்றுவது ஹாஷ் சார்பு. இரண்டு வெவ்வேறு தரவுகளுக்கு ஒரே எண் கிடைப்பது அரிதாக இருக்கவேண்டும். ஒரே ஒரு சார்பை நம்பாமல், பல சார்புகள் கொண்ட குடும்பத்திலிருந்து தற்செயலாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொது ஹாஷ் என்னும் கருத்தைக் கார்ட்டர், வெக்மன் இருவரும் 1970களின் இறுதியில் முன்வைத்தனர். 0, 1 ஆகியவற்றை மட்டும் கொண்ட ஓர் அணியால் தரவைப் பெருக்குவது இதற்கு ஒரு வழி. ஆனால் பெரிய அணியைச் சேமிக்க அதிக இடம் வேண்டும். டோப்ளிட்ஸ் அணியைப் பயன்படுத்தினால் குறைந்த இடத்தில் அதே பயன் கிடைக்கும் என்பது 1990இல் காட்டப்பட்டது. 1994 இல் ஹ்யூகோ கிராவ்சிக் இதைச் செய்திகளின் நம்பகத்தன்மையைச் சோதிக்கப் பயன்படுத்தும் வழிகளை ஆராய்ந்தார்.

பிணைய அட்டைகளில் இதன் தேவை வேறொரு சிக்கலிலிருந்து எழுந்தது. நொடிக்கு 10 கிகாபிட் வேகமுள்ள ஈதர்நெட் இணைப்பில் மிகச் சிறிய பொதிகள் வந்தால், நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சம் பொதிகள் வரக்கூடும். ஒரு பொதிக்குக் கிடைக்கும் நேரம் 67 நானோநொடி மட்டுமே. ஒரே செயலி இவை அனைத்தையும் கவனிக்க இயலாது. மற்ற செயலிகள் சும்மா இருக்க, ஒன்று மட்டும் திணறும்.

வருகின்ற பொதிகளை முறைவைத்து ஒவ்வொரு செயலிக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தால் என்ன? அவ்வாறு செய்தால் ஒரே இணைப்பைச் சேர்ந்த பொதிகள் வரிசை மாறிவிடும். வரிசை மாறினால், இடையில் பொதி தொலைந்துவிட்டது எனக் கருதி, அனுப்பியவர் மீண்டும் அனுப்பத் தொடங்கலாம். ஆகவே, ஓர் இணைப்பின் பொதிகள் அனைத்தும் ஒரே செயலிக்குச் செல்லவேண்டும். வெவ்வேறு இணைப்புகள் எல்லாச் செயலிகளுக்கும் பரவவேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவது ஹாஷ் சார்பு. பள்ளிபாளையத்திலிருந்து ஒருவரும் சேலத்திலிருந்து ஒருவரும் ஒரே வழங்கியை அணுகினால், அவர்களுடைய முகவரிகள் வேறுபடுவதால் ஹாஷ் எண்களும் பெரும்பாலும் வேறுபடும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வகுத்த பெறுபக்கப் பளுப் பகிர்வு என்னும் முறை டோப்ளிட்ஸ் ஹாஷைப் பயன்படுத்துகிறது. 2006 இல் விண்டோஸ் சர்வர் 2003 இயங்குதளத்துக்கு இவ்வசதி வழங்கப்பட்டது. பின்னர் லினக்ஸ் முதலிய இயங்குதளங்களிலும் பல நிறுவனங்களின் பிணைய அட்டைகளிலும் இது பரவியது.

ஹாஷ் கணக்கிடும் முறை எளிது. சாவி என்ற தற்செயலான பிட்டுகளின் வரிசை ஒன்று அட்டையில் இருக்கும். பொதியின் முகவரிப் பிட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். பிட் 1 ஆனால், சாவியில் அப்போது சாளரத்தில் தெரியும் பகுதியை விடையுடன் சேர்க்கவேண்டும். 0 ஆனால் விட்டுவிடவேண்டும். ஒவ்வொரு பிட்டுக்குப் பின்னரும் சாளரம் ஓரிடம் நகரும். சேர்ப்பது என்பது இங்கு, இரு பிட்டுகள் ஒத்திருந்தால் 0, வேறுபட்டால் 1 என எழுதுவதாகும்.

சிறிய எடுத்துக்காட்டு: சாவி 10110, சாளரத்தின் அகலம் 3 என்க. சாளரங்கள் 101, 011, 110 ஆகும். முகவரி 101 ஆனால், முதல் சாளரமும் மூன்றாவது சாளரமும் சேரவேண்டும். 101, 110 ஆகியவற்றைச் சேர்த்தால் 011, அதாவது 3 கிடைக்கும். முகவரி 110 ஆனால், முதலிரண்டு சாளரங்களும் சேர்ந்து 110, அதாவது 6 கிடைக்கும். மூன்று சாளரங்களையும் கடைசியிலிருந்து முதலாக நிரல்களில் எழுதினால் பின்வரும் டோப்ளிட்ஸ் அணி தோன்றும்:

1 0 1
1 1 0
0 1 1

உண்மையான அட்டைகளில் சாளரத்தின் அகலம் 32 பிட்டுகள். ஐ.பி. பதிப்பு 4 இல் அனுப்புநர், பெறுநர் ஆகியோரின் முகவரிகளும் துறை எண்களும் சேர்ந்து 96 பிட்டுகள். பதிப்பு 6 இல் 288 பிட்டுகள். 32 × 288 அளவுள்ள பொதுவான அணிக்கு 9,216 பிட்டுகள் வேண்டும். டோப்ளிட்ஸ் அணியானால் 319 போதும். இதனாலேயே சாவி 40 பைட்டுகள், அதாவது 320 பிட்டுகள் நீளமுடையதாக வகுக்கப்பட்டது. கிடைக்கும் ஹாஷ் எண்ணின் இறுதி 7 பிட்டுகளைக் கொண்டு, 128 இடங்கள் உள்ள ஓர் அட்டவணையில் எந்தச் செயலி என்பது பார்க்கப்படுகிறது. பளு சமமாக இல்லையெனில் அட்டவணையை மாற்றினால் போதும், சாவியை மாற்றவேண்டியதில்லை.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. ஒரே ஓர் இணைப்பில் பெரும் தரவு வந்தால் அது முழுவதும் ஒரே செயலியின் மீதே விழும். துண்டாக்கப்பட்ட பொதிகளில் முதல் துண்டில் மட்டுமே துறை எண் இருப்பதால், அவற்றுக்கு முகவரிகளை மட்டும் கொண்டே கணக்கிடவேண்டும். மேலும் இது நேரியல் சார்பு ஆதலால், சாவியை அறிந்த ஒருவர் எல்லாப் பொதிகளையும் ஒரே செயலிக்கு அனுப்பும்படி முகவரிகளைத் தேர்ந்தெடுப்பது கடினமன்று.

குவாண்டம் சாவிப் பகிர்வில் ஒட்டுக்கேட்பவருக்குத் தெரிந்திருக்கக்கூடிய பகுதியை நீக்கிச் சாவியைச் சுருக்குவதற்கும் டோப்ளிட்ஸ் அணிகளைக் கொண்ட ஹாஷ் பயன்படுகிறது.

மறைவுக்குப் பின்

டோப்ளிட்ஸ் எழுதி முடிக்காமல் விட்டுச் சென்ற நுண்கணித நூலைக் கோதே பதிப்பித்து 1949 இல் வெளியிட்டார். எல்லை, தொகையீடு, வகையீடு ஆகிய கருத்துக்களைக் கிரேக்கர் காலத்திலிருந்து அவை தோன்றிய சிக்கல்களின் வழியாக விளக்கும் இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1963 இல் வந்தது. பானில் இவர் கைவிட நேர்ந்த வகுப்பறைப் பணியின் எஞ்சிய பகுதியாக அந்நூல் இன்றும் மாணவர்களால் படிக்கப்படுகிறது.